என் கருத்துகளில் நானே யோசித்தது எது, கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது எது? பிரித்துப் பார்க்க வழி உண்டா?

கேள்விக்குறி:
கடவுள் நம்பிக்கை, கட்சி அரசியல், பண்பாடு என்று மூன்றிலும் அழுத்தமான கருத்துகள் இருக்கின்றன. பெரும்பாலும் வீட்டிலிருந்தும் பழகும் வட்டத்திலிருந்தும் வந்தவை. இதில் எதை யோசித்து ஏற்றேன், எது தானாக ஒட்டியது என்று தெரியவில்லை. "எல்லாவற்றையும் சந்தேகி" என்கிற பொது அறிவுரை வேண்டாம். பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்தால் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்.

சாணைக்கல்:
எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, சரியா என்பது வேறு கேள்வி. அம்மா சொல்லிக்கொடுத்ததால் பெருக்கல் வாய்ப்பாடு பொய்யாகிவிடாது. பிறப்பிடத்தை விட்டுவிட்டு, இன்று அதைத் தாங்கி நிற்பது என்ன என்று பாருங்கள்.

ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு கருத்து. அதைத் தவறாகிப் போக வாய்ப்புள்ள வாக்கியமாக எழுதுங்கள். "அந்தக் கட்சி மோசம்" என்பதைச் சோதிக்க வழியே இல்லை. "இந்த வரியைக் குறைத்தால் பொருள்களின் விலை குறையும்" என்பதைச் சோதிக்கலாம். அடுத்து, அது எப்படி நடக்கும் என்று படிப்படியாக எழுதுங்கள். வரி குறைந்தால் முதலில் யாருக்கு மிச்சம்? விற்பவர் அந்த மிச்சத்தை ஏன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும்? போட்டி இல்லாத சந்தையில் கொடுப்பாரா? குறைந்த வருவாயை அரசு எங்கே ஈடுகட்டும்? இரண்டு மூன்று படியிலேயே கை நின்றுவிடும். நின்ற இடம்தான் நீங்கள் தேடுவது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் கேள்விப்பட்டது.

"ஏன்" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள், "எப்படி" என்று கேளுங்கள். ஏன் என்றால் மனசு காரணங்களை அடுக்கிக்கொண்டே போகும். 2013-இல் ஃபெர்ன்பாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு கொள்கை எப்படி வேலை செய்யும் என்று விளக்கச் சொன்னபோது, தமக்கு எவ்வளவு புரியும் என்று மக்கள் போட்டுக்கொண்ட மதிப்பெண் இறங்கியது, நிலைப்பாடும் தளர்ந்தது. காரணங்களை மட்டும் அடுக்கியவர்களிடம் தளர்வு இல்லை. பிறகு மறுபடி செய்து பார்த்ததில் மதிப்பெண் இறங்குவது மீண்டும் தென்பட்டது, நிலைப்பாடு தளர்வது அவ்வளவு உறுதியாக வரவில்லை. ஆகவே மனம் மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஓட்டை எங்கே என்று தெரியும்.

ஆதாரம் தேடப் போகும் முன்பே "இன்னது தெரியவந்தால் மாற்றிக்கொள்வேன்" என்று ஒரு வரி, தேதியோடு. பார்த்த பிறகு எழுதினால் அளவுகோலை வசதிப்படி வளைத்துவிடுவோம்.

தாழ்வாரம்:
அரசியலுக்கு இன்னொன்று: பெயரை மறைத்துப் படிப்பது. 2003-இல் வெளியான ஆய்வில் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு நலத்திட்டத்தைக் காட்டினார். எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்று சொன்னதும், திட்டம் தாராளமானதா கறாரானதா என்பது பின்னுக்குப் போய், தம் கட்சி பக்கமே சாய்ந்தார்கள். கேட்டால் "உள்ளடக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்" என்றார்கள்!

தனியாகச் செய்தால் இது பலிக்காது, பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு நண்பரிடம் சொல்லி நான்கைந்து அறிக்கைகளில் கட்சி, தலைவர், ஊர் எல்லாவற்றையும் அடித்து மறைக்கச் சொல்லுங்கள். அதுவும் போதாது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு வாடை உண்டு, ஒரு சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடும். வெற்று நடையில் மாற்றி எழுதித் தரவேண்டும். தீர்ப்பை எழுதிய பிறகு பெயரைத் திறங்கள்.

ஒரு விதிவிலக்கு. வாக்குறுதி என்றால் சொன்னவர் யார் என்பது முக்கியம்தான், முன்பு சொன்னதைச் செய்தாரா என்று பார்க்காமல் எடைபோட முடியாது. கொள்கைக்கு அது தேவையில்லை.

பழைய ஏடு:
மேலே சொன்னதை நம்பிக்கைக்கு அப்படியே போட்டால் குழம்பும். ஒரு மதத்துக்குள் வரலாற்றுச் செய்தி, உலகம் எப்படி இயங்குகிறது என்ற கூற்று, வாழ்க்கை நெறி, சடங்கு, உறவு எல்லாம் பின்னிக் கிடக்கும். முதல் இரண்டை மெய்யா பொய்யா என்று கேட்கலாம். சடங்கை அப்படிக் கேட்பதில் பொருளில்லை. அது யாரைச் சேர்க்கிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது, செலவும் உழைப்பும் யார் தலையில் விழுகிறது, வேண்டாம் என்றவருக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். பண்பாட்டுக்கும் இதே கேள்விகள்தான்.

கூற்றுகளுக்கு ஒரே தராசு. பிற மதத்தின் அற்புதத்தை எந்தக் காரணத்தால் தள்ளுகிறீர்களோ, அதே காரணத்தை உங்களுடையதன்மேல் வையுங்கள். மதத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கும் இது பொருந்தும். சாமியாரை விட்டவர் தலைவரைப் பிடித்துக்கொள்வது புதிதல்ல.

எதிர்த்தரப்பை முதலில் முழுசாக எழுதுவது நம்மிடம் பழைய பழக்கம். 13-ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பரபக்கம் என்ற பகுதியில் பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுத்த பிறகே, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. ஆனால் அங்கே எழுதுபவர் மறுக்கப்போகிறவர். நீங்கள் ஒரு படி கூடுதலாகப் போய், எழுதியதை அந்தக் கொள்கைக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பைத் தொடாதீர்கள். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது திருத்தத்தில்தான் ஒப்புக்கொள்வார்.

கேள்விக்குறி:
மிக்க நன்றி. இதையே செய்துகொண்டிருந்தால் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிற ஆளாகிவிட மாட்டேனா? மாறிய கருத்தை வீட்டில் சொல்லியே ஆகவேண்டுமா?

தாழ்வாரம்:
எதிர்ப்பேச்சுக்காரரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார், திசை மட்டும் தலைகீழ். உங்கள் கருத்துகளைப் பத்து எழுதி, உங்கள் வட்டத்தோடு ஒத்துப்போவதைக் குறியுங்கள். பத்துக்குப் பத்து வந்தாலும் சந்தேகம், பூஜ்யம் வந்தாலும் சந்தேகம்.

குழுவில் பேசுவதற்கு முன் உங்கள் முடிவை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த, கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனையில், கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, கண்ணுக்குத் தெரிந்த விடையை விட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. சரியாகச் சொல்ல இன்னொரு ஆள் மட்டும் இருந்தால் அது வெகுவாகக் குறைந்தது. ஆக, கூட்டத்தோடு போகாமல் நிற்க ஒரே ஒரு துணை இருந்தாலே பெரிய உதவி.

வீட்டில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. யோசிப்பது வேறு, அறிவிப்பது வேறு. பிழைப்போ பாதுகாப்போ அவர்கள் கையில் இருந்தால் பொறுத்திருங்கள். துக்க வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சடங்கு விவாதம் கூடவே கூடாது, அங்கே யாரும் வாதம் கேட்க வரவில்லை.

சாணைக்கல்:
ஒன்று விட்டுப்போனது. கடவுள் உண்டா இல்லையா என்பதில் தொடங்காதீர்கள், முதல் வாரமே தாளை மூடிவிடுவீர்கள். மாறினாலும் யாருக்கும் கோபம் வராத நடுத்தரக் கருத்து ஒன்றை எடுங்கள். பள்ளியில் சீருடை வேண்டுமா என்பது போல.