சேர்வராயன் மலையில் கார் நெரிசல் இல்லாத மண்பாதை எங்கே இருக்கிறது?

அம்மாபேட்டைத் தறிக்காரர் கேட்டது:

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் தறிப்பட்டறை நடத்துகிறேன். போன ஆடியில் ஒரு கிராவல் சைக்கிள் வாங்கினேன். வளைந்த கைப்பிடி, டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டர் டயர். தை மாதம் நண்பர்களோடு வேதாரண்யம் போய், அங்கிருந்து கோடியக்கரை வரை உப்பளத்துப் பக்கமாக மண்பாதைகளில் ஓட்டுவதாகத் திட்டம். அதற்குள் மண்ணிலும் சரளையிலும் கை கால் பழக வேண்டும்.

ஏற்காடு கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பெரிய பாதையில் ஞாயிற்றுக்கிழமை ஏறினால் முதுகுக்குப் பின்னால் ஹாரன் ஓய்வதில்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஆள் நடமாட்டம் குறைந்த பாதைகள் நிறைய உண்டு என்கிறார்கள். எந்த வழியாக ஏறுவது, யாரிடம் அனுமதி கேட்பது, காட்டெருமை பயம் எவ்வளவு, டயரில் எவ்வளவு காற்று வைப்பது? என் எடை 72 கிலோ. வார நாட்களில் ஒரு நாள் ஒதுக்க முடியும்.

அயோத்தியாப்பட்டணத்து ஆசிரியர்:

குப்பனூர் வழியாக ஏறுங்கள். பெரிய பாதையை விட வண்டிகள் குறைவு. மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். கனமழைக்குப் பிறகும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும்.

நாகலூர்ப் பக்கத்துக் காப்பிக்காரர்:

தம்பி, ஆசிரியர் சொன்னபடி குப்பனூர் வழியே கொட்டச்சேடு வந்து சேருங்கள். மற்றதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துப் பாதைகளில் சைக்கிள் வருவதை நான் மனதார விரும்புகிறேன், ஆனால் வருகிறவர்கள் மலையை அறிந்து வர வேண்டும்.

முதலில் எது பொது, எது தனியார் என்பது. ஏரியில் தொடங்கி ஏரியிலேயே முடியும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையும், நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி, மாரமங்கலம் போன்ற ஊர்களுக்குப் பிரியும் சாலைகளும் பொதுவழிகள். அவற்றில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எஸ்டேட்டுக்குள் நுழையும் மண்பாதை அப்படியல்ல. போனில் தெரியும் வரைபடம் அதையும் சாலை என்றே காட்டும். போய்ப் பார்த்தால் பூட்டிய கேட் நிற்கும். கேட்டில் இருக்கும் காவலாளியிடமோ மேஸ்திரியிடமோ பெயரைச் சொல்லி, எந்தப் பக்கமாக வெளியேறப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். கேட்டுக்கொண்டு போகிறவரைப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் கம்பி வேலியைத் தூக்கி நுழைகிறவரால்தான் அடுத்து வருகிறவருக்கும் கதவு சாத்தப்படுகிறது. காப்புக்காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

அடுத்தது காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. காலை ஏழரை மணிக்கு ஆட்கள் வேலைக்கு இறங்குவார்கள், ஜீப்பும் டிராக்டரும் மூட்டை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் வரும். தலையில் கூடையோடு பெண்கள் நடக்கும் சரிவில் வேகமாக இறங்குவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது; அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மழைக்காலத்துக்கு முன்பு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிக்கும் நாட்களிலும் தோட்டத்துக்குள் வர வேண்டாம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த சில நாட்களில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். மல்லிகையை ஒத்த அந்த வாசனைக்குள் ஓட்டுவதற்காகவே ஒருமுறை தனியாக வாருங்கள்.

மண்ணைப் பற்றி. மலையின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற மிகக் கடினமான பாறை. உடைத்துக் கொட்டிய அதன் ஜல்லிக்கு விளிம்பு கூர்மை, டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுப்பகுதியில், முன்பு பாக்சைட் வெட்டிய பக்கமெல்லாம், சிவந்த செம்பாறை மண். காய்ந்திருக்கும்போது அதைப் போன்ற அருமையான தரை கிடையாது. உருண்டைச் சரளை டயருக்கு அடியில் மெல்ல நகரும், பிடியும் விடாது. மழை பெய்த மறுநாள் அதே மண் சோப்பு தேய்த்த தரையாகிவிடும். சில்வர் ஓக் இலை உதிர்ந்து நனைந்து கிடக்கும் வளைவுகள் இன்னும் மோசம். அங்கே முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டுத் திரும்புங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறிப் பிடி குறையும். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள்.

காற்று: உங்கள் எடைக்கு டியூப் போட்ட 40 மில்லிமீட்டர் டயர் என்றால் 40 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் 32 முதல் 35 போதும். கியரில் பின் பல்சக்கரத்தின் பெரிய வளையம் முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கைக்குச் சமமாகவாவது இருக்கட்டும். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். மூட்டு தேய்ந்த பிறகு கியரை மாற்றிப் பயனில்லை.

காட்டெருமை உண்மையாகவே இருக்கிறது, தம்பி. மாலையில் ஓடைக்கு இறங்கும், தோட்டத்துக்குள்ளும் நிற்கும். கூட்டத்தை விடத் தனித்துத் திரியும் கிழட்டுக் காளையிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். பார்த்ததும் நின்றுவிடுங்கள், மணி அடிக்க வேண்டாம், போட்டோவுக்காக நெருங்க வேண்டாம். அது போகும்வரை காத்திருங்கள். போகாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். நான்கு மணிக்குள் தார்ச் சாலைக்கு வந்துவிடுவது நல்லது.

வேதாரண்யத்துக்காரர், இப்போது சூரமங்கலத்தில்:

மலைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடியக்கரை கேட்கும் பயிற்சி வேறு. அங்கே ஏற்றம் என்பதே இல்லை, காற்றுதான் மலை. தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும்போது நீங்கள் பெரிய வீரர் என்று தோன்றும். திரும்பி வடக்கே வரும்போது மிதிக்க மிதிக்க வண்டி நகராது. அதனால் தண்ணீரையும் தெம்பையும் திரும்பும் பயணத்துக்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குச் சேலத்தைச் சுற்றிய சமவெளியிலேயே எதிர்காற்றில், நண்பர்களோடு ஒருவர் பின் ஒருவராக முறை மாற்றி ஓட்டிப் பழகுங்கள்.

நிலத்தின் அமைப்பு அலாதியானது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, வடக்கிலும் மேற்கிலும் சதுப்பும் உப்பளமும். கடற்கரைக் கோடு அந்த முனையில் மேற்கு நோக்கி மடங்குகிறது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலங்களில் ஒன்று. வெளிமான் மேயும், குளிர்காலத்தில் பூநாரை இறங்கும். சரணாலயத்துக்குள் வனத்துறைச் சாவடியில் கேட்டு, அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் போங்கள். உப்பள வரப்புகளில் பாத்தி வைத்திருப்பவரைக் கேளுங்கள். வரப்பு உடைந்தால் அவருடைய பருவமே போய்விடும். மணல் வரும் இடத்தில் காற்றை 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், அது டியூப் இல்லாத டயருக்குத்தான். உப்புக்காற்று ஒரே இரவில் செயினைத் துருப்பிடிக்க வைக்கும். அன்றன்று நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள்.

சேலத்துக்காரர் ஒருவர் அங்கே போகிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணத்தை நடத்தி வந்தார். ஊரை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் இருக்கும் நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு உப்பளத்துக்குப் போங்கள்.

அம்மாபேட்டைத் தறிக்காரர்:

மூவருக்கும் நன்றி. வாடைக்காற்றைப் பற்றி எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை. பயண அட்டவணையை மாற்றி, திரும்பும் நாளில் தூரத்தைக் குறைக்கப் போகிறோம். ஒரு கேள்வி: என் டயர் இப்போது டியூபோடு இருக்கிறது. மலைக்கு முன்பே மாற்றிவிடவா?

நாகலூர்ப் பக்கத்துக் காப்பிக்காரர்:

ரிம் அதற்கு ஏற்றதாக இருந்தால் மாற்றிவிடுங்கள், தம்பி. முள்ளுக்கும் சரி, உப்பளத்து மணலுக்கும் சரி, அதுதான் நல்லது. மாற்றினாலும் ஒரு டியூபும் கிழிசலுக்கு அடியில் வைக்க ஒரு பழைய டயர்த் துண்டும் பையில் இருக்கட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை மழை இல்லையென்றால் காலை ஆறரைக்குக் கொட்டச்சேட்டுக்கு வந்துவிடுங்கள். எங்கள் தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லி வைக்கிறேன். ஆட்கள் இறங்குவதற்கு முன் மேல்பாதையை ஒரு சுற்று முடித்துவிடலாம்.