பதிலடிக்குக் கணக்கு உண்டா? ஒரு மாணவி கேட்ட கேள்வி

வரலாற்று டீச்சர்:
பதினோராம் வகுப்பில் ஜெனீவா உடன்படிக்கைகள் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், 2023 அக்டோபர் 7-ல காஸாவோட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேல்ல ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்னுது, 251 பேரைப் பிடிச்சிட்டுப் போச்சு. திருப்பி அடிக்கிறவங்க எத்தனை பேர் வரைக்கும் கொல்லலாம்?" விகிதாசாரம் என்று ஒரு விதி இருக்கிறது என்றேன். "அப்ப 1,200-ஆ?" என்றாள். எனக்கு வாய் எழவில்லை. இரண்டு நாளாக அந்தக் கேள்வி மனதை அறுக்கிறது. போர்ச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பு கோட்:
டீச்சர், அந்த 1,200-ஐ முதலில் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். உயிருக்கு உயிர் ஈடு கட்டும் கணக்கில்லை இது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால், அந்தந்த இலக்குக்குத் தனித்தனியாகப் போட வேண்டிய கணக்கு. ஒரு தட்டில் எதிர்பார்க்கும் ராணுவப் பயன், மறு தட்டில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். நேற்று நமக்கு நடந்த கொடுமை எந்தத் தட்டிலும் ஏறாது. இதைச் சொல்லும், ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த 1977 நெறிமுறையில் இஸ்ரேல் சேரவில்லை. ஆனாலும் இந்த விதி தன் படையையும் கட்டுப்படுத்தும் என்று 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது.

2002 ஜூலை 22 நள்ளிரவு. ஹமாஸ் ராணுவப் பிரிவுத் தலைவர் சலாஹ் ஷஹாதே தங்கியிருந்த வீட்டின் மேல், காஸா நகரின் நெரிசலான தராஜ் பகுதியில், எஃப்-16 விமானம் ஒரு டன் குண்டைப் போட்டது. அவர் செத்தார். கூடவே பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களும் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். இஸ்ரேல் அமைத்த குழுவே 2011-ல், இலக்கு சரி, பொதுமக்களுக்கு நேர்ந்த சேதம் அளவு மீறியது என்று எழுதியது. 2003 செப்டம்பரில் 27 இஸ்ரேலிய விமானிகள் இனி இப்படிப்பட்ட தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். இஃப்தாக் ஸ்பெக்டர் போன்ற பேர்பெற்ற போர் விமானி அதில் இருந்ததுதான் என்னை உலுக்கியது.

அதே மாதம் ஹமாஸ் தலைமை முழுக்க ஒரே வீட்டில் கூடியது. அக்கம்பக்கத்தை எண்ணி கால் டன் குண்டுதான் போட்டார்கள். தரைத்தளத்தில் இருந்த ஹமாஸ் நிறுவனர் யாசின் உட்பட எல்லோரும் தப்பிவிட்டார்கள்.

எல்லைக்கோடு:
வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஜனங்களுக்கு நடுவில் ராக்கெட் விடுகிறவனை என்ன செய்வது ஐயா? சட்டம் ஒருவன் கையை மட்டும் கட்டுகிறதே?

கறுப்பு கோட்:
நியாயமான கோபம். ஜனங்களைக் கேடயமாக்குவதும் போர்க்குற்றம்தான். 2024 நவம்பரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, போர் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கேலன்ட் இருவருக்கும் மட்டுமல்ல, ஹமாஸ் ராணுவப் பிரிவுத் தளபதி முகமது தெய்ஃபுக்கும் பிடியாணை போட்டது. ஆனால் கீழே சுரங்கம் இருப்பதால் மாடியில் தூங்கும் பிள்ளையின் எடை தராசில் குறையாது. இன்னொன்று: 2023 அக்டோபர் 9-ல் கேலன்ட், காஸாவுக்கு மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை என்று அறிவித்தார். அதற்குத் தராசே தேவையில்லை. பொதுமக்களைப் பட்டினி போட்டுப் போர் நடத்துவது எந்தப் பயனுக்காகவும் கூடாது.

வரலாற்று டீச்சர்:
ரொம்ப நன்றி ஐயா. நாளை முதல் பீரியட் அந்த வகுப்புதான். இரண்டு வீட்டையும் பலகையில் வரைவேன். முடிவைச் சொல்லாமல், எந்தக் குண்டு என்று பிள்ளைகளையே கேட்பேன். 2003-ல் தப்பியவர்களின் இயக்கம் அதற்குப் பிறகும் பஸ்களில் குண்டு வைத்ததையும் மறைக்கப்போவதில்லை. அந்தப் பெண் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பாள்.