கோப்பிக் காலத்து வழிப்பறிக் கதைகள் யாரிடமாவது உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து உயர்தரப் பிள்ளைகள் சுவர்ச் சஞ்சிகை ஒன்று செய்கிறார்கள். இந்த முறை தலைப்பு, வழிப்பறி. அதற்குத்தான் உங்கள் உதவி தேவை.

சரதியலைப் பற்றி நிறையவே கிடைக்கிறது. மாவனல்லைக்குப் பக்கத்தில் உத்துவன்கந்த மலையில் பதுங்கிக்கொண்டு, கொழும்பு-கண்டி வீதியில் போகிறவர்களை மறித்தவன். 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கப் போனபோது சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். இன்றும் பொலிஸ் மாவீரர் தினம் அந்தத் தேதியில்தான். அதே வருடம் மே 7ஆம் திகதி சரதியலையும் கூட்டாளி மம்மலே மரிக்காரையும் கண்டியில் தூக்கிலிட்டார்கள். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சரி, அது வேறு விவாதம்.

எனக்கு வேண்டியது, தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் ஆட்களின் கதை. அப்போது கண்டிக்கு ரயில் இல்லை, அது 1867இல்தான் வந்தது. கோப்பித் தோட்டத்தில் உழைத்த காசை இடுப்பில் முடிந்துகொண்டு, மாத்தளை, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில், ஊருக்குக் கப்பலேற மன்னாருக்கு நடந்தவர்களை வழியில் யாராவது மறித்தார்களா? காசை எங்கே ஒளித்தார்கள்? சுருக்குப்பையிலா, சேலை மடிப்பில் வைத்துத் தைத்தா? கூட்டமாகத்தான் போவார்களா?

உங்கள் அப்பாயி, அம்மாயி, தாத்தா சொன்ன துண்டுக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை. நாட்டுப்பாட்டில் ஒரு வரி இருந்தாலும் போடுங்கள். குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது, பிள்ளைகளே கேட்டு எழுதிக்கொள்வார்கள். எந்தத் தோட்டம், யார் சொன்ன கதை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.