காப்பித் தோட்டப் படப்புத்தகம்: ஏற்காட்டுக்காரர்கள் உதவ வேண்டும்

வணக்கம். 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக, பேராசையைப் பற்றி 24 பக்கப் படப்புத்தகம் ஒன்று தயாராகிறது. களம் சேர்வராயன் மலை. மகசூல் கூடும் என்று நினைத்து ஒருவர் தோட்டத்து நிழல் மரங்களை எல்லாம் வெட்டிவிடுகிறார்.

அதற்குப் பிறகு நடப்பதைச் சரியாக வரைய வேண்டும். அராபிகா வகைக் காப்பிச் செடி முதலில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், அப்புறம் கிளை நுனியிலிருந்து காய்ந்துவரும். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடையக் குடைய, தண்டின்மேல் வரிவரியாக மேடு தெரியும், இலை மஞ்சளாகி வாடும். இந்தத் தண்டு மட்டும் ஒரு முழுப்பக்கம். புத்தகத்தின் உயிரே அதுதான்.

துளைப்பான் தாக்கிய தண்டைக் கிட்டத்தில் எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா? நெடுக்காகப் பிளந்த தண்டு என்றால் இன்னும் நல்லது. நிழல் மரமான சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறிய படமும் வேண்டும். மலையில் இந்த வண்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அந்தப் பெயரையே கதையில் வைக்க ஆசை.

இன்னொரு சிக்கல் அச்சில். மாதிரிப் படியில் ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழுகிறது. யூனிகோடு எழுத்துருதான், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் அமைப்பும் போட்டாயிற்று. திரையில் பளிச்சென்ற இலைப்பச்சை, அச்சுக்கான நான்கு வண்ண முறைக்கு (சிஎம்ஒய்கே) மாற்றியதும் மங்குகிறது. 300 படிகள், நடுவில் பின் அடித்து, இவற்றைச் சரிபார்த்துத் தரும் அச்சகம் சேலத்தில் தெரிந்தால் சொல்லுங்கள்.