பிரிங்கா டேக்கா? நிலாவெளிக் கரையில் படுகிற பாடு

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற நிலாவெளியில் விடுதி வேலை என்றால், வெள்ளைக்காரர் வருகிற மே முதல் செப்டெம்பர் வரை வாய் ஓயாமல் இங்கிலீஷ்தான். அதில் எங்கட ஆட்களைப் போட்டு உலுப்புகிற இரண்டு சொற்கள் பிரிங், டேக். பள்ளிக்கூடத்தில் டேக் என்றால் எடு, பிரிங் என்றால் கொண்டு வா என்று பாடமாக்கினதோடு சரி. டேக்குக்குக் கூட்டிக்கொண்டு போ என்றும் பொருள் இருப்பது பலருக்கு மண்டையில் ஏறவே இல்லை.

படகு ஓட்டுகிற தம்பி ஒருவன் கரையில் நின்றுகொண்டே 'ஐ பிரிங் யூ டு பிஜன் ஐலண்ட்' என்பான். அவனும் நிற்பது கரையில், ஆளும் நிற்பது கரையில், புறாத்தீவு கடலுக்குள்ளே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி. அப்ப அது டேக். திரும்பக் கரைக்குக் கூட்டி வருவதற்கு 'பிரிங் யூ பேக்' சரி. வெள்ளைக்காரர் எப்படியோ விளங்கிக்கொள்வார்கள், அதனாலேயே இவன் திருந்தவில்லை.

விடுதியில் நடந்தது வேறு. கடலுக்குப் போன ஒரு சோடியிடம் பெடியன் துவாய் இரண்டைக் கொடுத்து 'டேக் த டவல்' என்றான், அவர்கள் அதை ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல ஏலாது, டேக் என்று மட்டும் விட்டால் 'எடுத்துக்கொள், உனக்குத்தான்' என்றும் ஆகும். 'டேக் இட் டு த பீச், பட் பிரிங் இட் பேக்' என்றிருந்தால் துவாய் மிஞ்சியிருக்கும். முதலாளி ஏசினது தனிக்கதை.

தேத்தண்ணி விஷயம் பாருங்கோ. சமையல்காரரிடம் சொல்லும்போது 'ஐ வில் டேக் த டீ டு ஹிஸ் ரூம்', அறையில் இருப்பவரிடமே போனில் சொல்லும்போது 'ஐ வில் பிரிங் யுவர் டீ'. கேட்கிறவர் இருக்கிற இடத்துக்கு வருகிறதென்றால் பிரிங். தமிழிலும் அவரிடம் 'கொண்டு வாறன்' என்றுதானே சொல்வோம்? அதனால் ஐமிச்சம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கோ, பெரும்பாலும் தப்பாது. டேக் எ ஷவர், டேக் எ போட்டோ போன்றவைக்கு அது உதவாது, பாடமாக்க வேண்டியதுதான். இறந்தகாலத்தில் டேக் டுக், டேக்கன் என்று மாறும், பிரிங்குக்கு இரண்டிடத்திலும் புரோட். 'பிரிங்ட்' என்று ஒன்று கிடையாது.

போன சீசனில் அயர்லாந்துக்காரர் ஒருவர் 'கேன் யூ பிரிங் மீ டு த ஸ்டேஷன்' என்று கேட்டதும் படகுத் தம்பிக்குத் தலைகால் தெரியவில்லை, "பாத்தீங்களே அண்ணை, வெள்ளைக்காரனே சொல்லுறான்!" அயர்லாந்தில் அப்படிப் பேசுவது வழக்கம்தான், அமெரிக்கரிலும் சிலர் இரண்டையும் கலந்து விடுவார்கள். ஆனால் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப் போகிற பிள்ளைகள் அவரை நம்பிப் போக வேண்டாம், அந்த இடத்தில் டேக் என்றே எழுதுங்கோ.