இது எந்த வருஷத்துப் புடவை? பழைய துணிமணி, வாட்ச், கண்ணாடி: உங்கள் அனுபவங்கள்

அரக்கு பார்டர்

பாட்டியின் கூறைப்புடவை. எல்லார் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும், அதனால் வர்ணிக்கவில்லை. காஞ்சிபுரம்தான், மடிப்பில் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. "பழைய பட்டுப்புடவை எடுக்கிறது" என்று தெருவில் கூவிக்கொண்டு போனவரை அம்மா கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். விற்கும் எண்ணமெல்லாம் இல்லை, சும்மா என்ன விலை சொல்வார் என்று பார்க்க.

அந்த ஆள் முந்தானையைப் பார்க்கவே இல்லை. யாளி, அன்னப்பட்சி எதையும் ஏறெடுத்தும் பார்க்காமல் புடவையை உள்பக்கம் திருப்பினார். உடலும் முந்தானையும் சேர்கிற கோட்டில் கட்டைவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிக்கொண்டே போனார். அப்புறம் ஓரத்தில் தொங்கிய ஒரு ஜரிகை நூலை நகத்தால் பிரித்தார். மேலே சுற்றியிருந்த தகடு சுருள்சுருளாகக் கழன்றது, உள்ளே சிவப்புப் பட்டு நூல். லைட்டரில் காட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அறுபதாம் வருஷத்துக்கு இந்தப் பக்கம் வராதும்மா" என்றார்.

பாட்டிக்குக் கல்யாணம் 1971இல். பத்திரிகை இருக்கிறது, போட்டோ இருக்கிறது. அப்படியானால் இது யார் கூறை? அம்மாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நெசவுக்காரன் பேரன்

அக்கா, அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தானை இணைப்பைத் தடவிப் பார்த்தது வயதுக்காக இல்லை, அசல் தறி வேலையா என்று பார்க்க. உடல் நிறத்துப் பாவின் (நீளவாக்கில் ஓடும் நூல்) இழைகளையும் முந்தானை நிறத்துப் பாவின் இழைகளையும் கையால் முறுக்கி இணைப்பார்கள், அந்த இடம் உள்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். இன்றைக்கும் அப்படி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள், குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கோர்வையும், அதாவது பார்டரையும் உடலையும் தனித்தனி நூலால் நெய்து கோத்துச் சேர்ப்பதும், அப்படித்தான். பார்டர் தனி நாடாவில் (குறுக்கு நூலை ஓட்டும் கருவி) ஓடியிருக்கிறது என்பதை வைத்து வருஷம் சொல்ல முடியாது.

ஜரிகை கொஞ்சம் பேசும். சிவப்புப் பட்டு நூல்மேல் வெள்ளித் தகடு, அதன்மேல் தங்க முலாம் என்றால் அது அசல் ஜரிகை. உள்ளே பாலியெஸ்டர் நூல் இருந்தால் தீயில் காட்டியதும் உருண்டு மணியாகிவிடும். அப்படி இருந்தால் பழசு என்று சொல்லவே முடியாது. ஆனால் அசல் ஜரிகை 1955இலும் உண்டு, 1971இலும் உண்டு, காசு கொடுத்தால் இப்போதும் உண்டு. "இதற்குப் பிந்தையது" என்று சொல்ல ஜரிகை உதவும், "இதற்கு முந்தையது" என்று சொல்ல உதவாது. எங்கள் தாத்தா தான் நெய்த புடவையையே பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் எப்போது நெய்தது என்று சொல்ல மாட்டார்.

அப்புறம், பழசு என்று சொன்னால்தான் "நைந்து போச்சு, ஜரிகை விலைதான் தேறும்" என்று பேரத்தைத் தொடங்க முடியும். அதையும் யோசியுங்கள்.

மாம்பலத்துக்காரி

புடவையை விடுங்கள், பெட்டியைப் பாருங்கள். மாமியார் போனபிறகு பரணில் இருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. மூடியில் கடை விலாசம் "மதராஸ்-17" என்று முடிந்தது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. அதற்குப் பிறகு அச்சடித்திருந்தால் 600 017 என்று போட்டிருப்பார்கள் இல்லையா? கீழே "பட்டுச் சேலைகள்" என்று இருந்ததில் அந்த லை, யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததற்கு முந்தையது.

இதெல்லாம் அப்புறம் கண்டுபிடித்தது. அந்த நிமிஷம் எனக்கு மறக்காதது உள்ளே இருந்த பில்தான். நாலாக மடித்து, மடிப்பில் பழுப்பேறி, தொகை ரூபாய்க்குப் பக்கத்தில் "ந.பை." என்று இருந்தது. நயா பைசா! 1957 ஏப்ரலில் இருந்து 1964 வரைக்கும்தான் அந்த "நயா". அதற்கு முன்னால் என்றால் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் இருந்திருக்கும். ஏழு வருஷத்துக்குள் அடக்கிவிட்டேன் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாத்தனார் மட்டும் "அம்மா எந்தப் புடவையையும் அதன் பெட்டியில் வைத்து நான் பார்த்ததே இல்லையே" என்றார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் திறந்தாலே எரிச்சலாக வருகிறது.

அச்சுக்கோர்ப்பவர்

மேலே மாம்பலத்துக்காரி மேடத்துக்கு: உங்கள் நாத்தனார் கேட்டது சரியான கேள்வி. பெட்டியும் பில்லும் சொல்வது பெட்டியின் வயதையும் பில்லின் வயதையும்தான்.

லை விஷயத்தில் ஒரு திருத்தம். நான் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். 1978இல் அரசாணை வந்ததும் எந்த முதலாளியும் எழுத்துப் பெட்டியில் இருந்த எழுத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிடவில்லை. பணம் போட்டு வாங்கிய எழுத்து, தேயும்வரை ஓடும். லேபிளுக்கும் மூடிக்கும் பிளாக் (மொத்தமாகச் செய்த அச்சுத் தகடு) செய்து வைத்திருந்தால் அது இன்னும் பல வருஷம் ஓடும். எண்பதுகளில் பழைய லை, ளை, னை, ணா போட்ட கல்யாணப் பத்திரிகைகளை நானே அச்சடித்திருக்கிறேன். மறுபக்கமும் உண்டு. பெரியாரின் குடியரசு இதழ் 1935இலேயே புதிய எழுத்துக்கு மாறிவிட்டது. புதிய லை பார்த்தவுடன் 78க்குப் பிந்தையது என்றும் தீர்ப்பு சொல்லக்கூடாது. "மதராஸ்-17" அதேபோல, பின்கோடு வந்தபிறகும் பழக்கத்தில் எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

ந.பை.யை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பில் கையால் எழுதியதா, அச்சடித்த கட்டமா? அச்சடித்த கட்டம் என்றால் பழைய பில் புத்தகம் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள். கையெழுத்து என்றால் எழுதியவர் அன்றைக்கு மனதில் நினைத்த காசு அது.

மாம்பலத்துக்காரி

கையெழுத்துதான் சார். நீல மை.

சாவி கொடுக்கிற வாட்ச்

ஹெச்.எம்.டி. பைலட். ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடை. விற்றவர் "நேரு காலத்து மாடல் சார், மிலிட்டரிக்காரர் வீட்டிலிருந்து வந்தது" என்றார். டயல் ஆரஞ்சு நிறம், பளபளவென்று. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிற்சாலை, நேருவும் 64 வரைக்கும் இருந்தார், கணக்கு உதைக்கவில்லை. பையில் லென்ஸ் இருந்தது, எடுத்து வைத்துப் பார்த்தேன். நிமிஷக் கோடுகளில் நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எழுத்தின் ஓரத்தில் மை கசிந்து மீசை வைத்திருந்தது. கேஸில் கோடு கோடாகக் கீறல், கண்ணாடி மங்கல், டயலுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. மேலே புது பெயின்ட், அவ்வளவுதான்.

லென்ஸை அவரிடமே நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை, அவருக்கு உண்மையிலேயே அது நன்றாகத்தான் பட்டது. அதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

இன்னொருவர் பக்கத்திலேயே குவார்ட்ஸ் வாட்ச் வைத்துக்கொண்டு அதையும் நேரு காலம் என்றார். ஹெச்.எம்.டி. குவார்ட்ஸ் எண்பதுகளில் வந்தது. அவரிடம் நான் எதுவும் பேசவில்லை.

பர்மா பஜார் மருமகன்

சின்னது. மாமனாரின் ரேபான் கூலிங்கிளாஸ். 2005இல் வாங்கியது என்று அவர் சொல்கிறார். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது கண்ணாடி ஓரத்தில், கீல் பக்கம், நுணுக்கமாக "பி.எல்." என்று பொறித்திருந்தது. ரேபானை முதலில் தயாரித்த பாஷ் அண்ட் லாம் கம்பெனியின் சுருக்கம் அது, அவர்கள் 1999இல் ரேபானை இத்தாலியின் லக்ஸோட்டிகாவிடம் விற்றுவிட்டார்கள். அசல் என்றால் அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும், டூப்ளிகேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.

நியூஜெர்சி செக்ஸ்

இங்கே அமெரிக்காவில் ஒரு பழைய துணிக்கடையில் மெட்ராஸ் செக்ஸ் (கட்டம் போட்ட பருத்தித் துணி) அரைக்கை சட்டை. உள்ளே கழுத்தருகே லேபிள், சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் கொடுக்கிற லேபிள். நம் ஊரில் சாயம் போனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம், இங்கே அறுபதுகளில் அதையே பெருமையாக விற்றிருக்கிறார்கள். தையலுக்குள் கட்டங்களின் நிறம் அழுத்தமாக, பளிச்சென்று இருந்தது, வெளியே எல்லா நிறமும் ஒன்றில் ஒன்று கரைந்து புகைபோல ஆகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நெய்தபோது எப்படி இருந்தது என்பது அந்தத் தையலுக்குள் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

வயது கண்டுபிடிக்க அமெரிக்கச் சட்டை ரொம்ப சுலபம். துவைக்கும் முறை சொல்கிற நிரந்தர லேபிளை 1972 ஜூலையிலிருந்துதான் கட்டாயமாக்கினார்கள், இந்தச் சட்டையில் அது இல்லை. ஆண்கள் உடுப்புத் தொழிற்சங்கத்தின் லேபிள் தையலில் இருந்தது. அந்தச் சங்கம் 1976இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து பெயர் மாறியது, இதில் பழைய பெயர். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. நம் ஊர்த் துணிக்கு இப்படி ஒரு லேபிள்கூட இல்லையே என்றுதான் வருத்தம். அசல் பட்டு என்று உறுதி சொல்கிற சில்க் மார்க் முத்திரை வந்ததே 2004இல்.

பீரோ சாவி

எல்லாரும் வயதைப் பற்றியே பேசுகிறீர்கள், அரக்கு பார்டர் அந்தப் புடவை மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது என்றாரே, அதை யாராவது கவனித்தீர்களா? என் அத்தை புடவையும் அப்படித்தான், பிரித்த நிமிஷம் மடிப்போடு சர்ரென்று கிழிந்தது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதோடு என் கதை முடிந்தது.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், ஜரிகை கனம் பட்டை இழுத்துவிடும். முடிந்தால் மடிக்காமல் உருளையில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், கஞ்சி போட்ட வேட்டி கூடாது, பூச்சி வரும். நாப்தலீன் உருண்டையை ஜரிகை மேல் படும்படி போடாதீர்கள். சென்ட்டை நேராகப் புடவையில் அடிக்காதீர்கள். வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். லைட்டர் வைத்துக்கொண்டு வருகிற யாரையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள், இழை சோதிக்க வேண்டுமென்றால் நீங்களே ஒரு நூலை வெட்டி வெளியே கொண்டுபோய் எரித்துப் பாருங்கள். முடி கருகுகிற வாசனை வந்தால் பட்டு, காகித வாசனை வந்தால் ரேயான்.

நெசவுக்காரன் பேரன்

பீரோ சாவி அக்கா, அவர் கேட்டது வயது. ஆனாலும் நல்ல விஷயம்தான், அந்த ஹேங்கர் விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது.

அரக்கு பார்டர் அக்காவுக்கு ஒன்று. கல்யாண போட்டோ இருக்கிறது என்றீர்களே, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, பார்டர் தெரியும். அகலத்தைப் பாருங்கள், கோபுரம் போல ஏறுகிற கூர்களைப் பாருங்கள், முழங்கை அருகே மடிப்பில் கட்டாயம் ஒரு இடம் தெளிவாக விழுந்திருக்கும். புடவையையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். இரண்டும் வேறு என்றால் இது கூறையே இல்லை, கொள்ளுப்பாட்டி கொடுத்தனுப்பியதாக இருக்கலாம். ஒன்றுதான் என்றால் அந்த ஆள் சொன்னது கணக்கில்லை. ஃபால்ஸ் தைத்திருந்தால் ஒரு முழம் பிரித்துப் பாருங்கள், உள்ளே வெளுக்காத நிறம் கிடைக்கும்.

அரக்கு பார்டர்

போட்டோவில் பாட்டி மாலைக்குள் மறைந்து போயிருக்கிறார் தம்பி, பார்டர் இரண்டு விரல் அளவுக்குத்தான் தெரிகிறது. பெரிய அத்தையிடம் இன்னொரு போட்டோ இருக்கிறதாம், ஊஞ்சலில் உட்கார்ந்து எடுத்தது. தீபாவளிக்குப் போகும்போது கேட்கிறேன்.