மவுத்வாஷ்: உங்கள் வீட்டில் யாருக்கு எது ஒத்துவந்தது?

என் மாமியாருக்குப் பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் வரும். பல் டாக்டர் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்துவிட்டு 0.2 சதவீத குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் 10 மில்லி, ஒரு நிமிடம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும், இரண்டு வாரத்துக்கு மட்டும். ரத்தம் நின்றது. ஆனால் கீழ்வரிசை முன்பற்களின் இடுக்கில் பழுப்புக் கறை ஏறியது. சாம்பாரில் உப்பே இல்லை என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார். டாக்டரிடம் போய்க் கேட்டால், இந்த மருந்துக்கு இரண்டும் இயல்புதானாம். டீ, காபி குடிப்பவர்களுக்குக் கறை அதிகமாகப் படியுமாம். பல்லின் மேல்தான் படிகிறது, சுத்தம் செய்தால் போய்விடும், மருந்தை நிறுத்தினால் ருசியும் திரும்பும் என்றார். அப்படியே ஆயிற்று.

அவர் சொன்ன இன்னொன்று பலருக்குத் தெரியாது. பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இந்த மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். மெடிக்கலில் சீட்டு கேட்காமலே கொடுக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் இதையே வாங்கிக் கொப்பளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து பாட்டிலின் பின்பக்கம் என்ன மருந்து என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

*

அக்கா சொன்ன பின்பக்க எழுத்துதான் எங்கள் அப்பாவுக்கும் உதவியது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், வாய் எப்போதும் வறண்டே இருக்கும். விளம்பரம் பார்த்து வாங்கிய காரமான மவுத்வாஷை ஊற்றியதும் கன்னத்தின் உட்பக்கம் எரிகிறது என்று துப்பிவிட்டார். பார்த்தால் ஆல்கஹால் கலந்தது. சில வகைகளில் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கிறது. வறண்ட வாயை அது இன்னும் வறட்டும். எச்சில் குறைந்தால் சொத்தை சீக்கிரம் விழும் என்பதால், ஆல்கஹால் இல்லாத, 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு உள்ளதை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். அதையும் பல் துலக்கிய கையோடு வேண்டாம் என்றார். பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) வரை இருக்கும், இந்தத் திரவத்தில் 225 அளவுதான். பல்லில் ஒட்டியிருக்கும் நல்லதை நாமே கழுவி விடுகிற கதையாகிவிடும். அப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பளிக்கிறார், அதன்பின் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

*

நாங்கள் தருமபுரிப் பக்கம். ஃப்ளோரைடு மவுத்வாஷ் என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். போர் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் உள்ள மாவட்டம் இது. அதனால்தான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் (காவிரித் தண்ணீர்) வருவதற்கு முன் இங்கே வளர்ந்தவர்கள் பலரின் பல்லில் வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் இன்றும் தெரியும். என் பையனுக்கு 5 வயது. சொத்தை வராமல் இருக்க இது கொடுக்கலாமா என்று கேட்டேன். 6 வயதுக்குள் கூடவே கூடாது, குழந்தைகள் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள் என்றார் டாக்டர். வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் விசாரித்தார். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது.

*

வாய் நாற்றத்துக்காக வாங்குபவர்களுக்கு: நாக்கு வழித்துப் பாருங்கள். எனக்குப் பாதி அதிலேயே போயிற்று. மீதி, கடைவாய்ப் பல்லில் இருந்த சொத்தையை அடைத்ததும் போனது. மவுத்வாஷின் புதினா வாசனை கொஞ்ச நேரம் மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

*

தம்பி, பல் பிடுங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் 24 மணி நேரம் எதையும் போட்டுக் கொப்பளிக்காதீர்கள். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி உயிரை எடுக்கும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாக அலசித் துப்பினால் போதும். என் கணவருக்கு அதுவே ஆற்றிவிட்டது, பாட்டில் எதுவும் வாங்கவில்லை.